நெருப்பில்லாத வார்டு

முத்துலிங்கம் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தவள் நான், மரியநாயகி. அவர் வரைந்த சுவர்களுக்குள்தான் என் காலம் போனது.

அவர் பிறந்தது எங்கள் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். குடும்பத்துக்கு ஒரு பத்தடிக் காம்பரா, ஜன்னலும் கிடையாது, புகை போக வழியும் கிடையாது. அந்தப் புகையில் இருமி இருமியே அவருடைய தாயார் செத்துப்போனார். பாதிரியார் ஒருவர் தயவில் ஹட்டனில் படித்து, கொழும்பில் பிளான் வரையக் கற்று, 1949இல் நுவரெலியாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் சேர்ந்தார். துரைமாருக்குப் பங்களா, தோட்டங்களுக்கு ஆஸ்பத்திரி, இரண்டையும் அவர்தான் வரைவார்.

ஜனங்கள் 'பிளான் ஐயா' என்றார்கள். லயத்துக்கு வந்தால் எங்கிருந்தாவது ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போடுவார்கள். கூடப்பிறந்த தங்கச்சி லெட்சுமியே நின்றுகொண்டுதான் பேசுவாள். அது அவருக்குப் பிடிக்காது, ஆனால் தரையில் உட்காரவும் அவருக்கு வராது. நுவரெலியாவிலோ, கூட வேலை செய்த வெள்ளைக்காரர்கள் ஒருநாள்கூட அவரை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. கல்யாணமும் ஆகவில்லை. லயத்தில் பெண் எடுக்க அவருக்கு மனசில்லை, டவுனில் அவருக்குப் பெண் கொடுக்க யாருக்கும் மனசில்லை. ஒற்றை அறையில் தானே சமைத்துத் தானே சாப்பிட்டார்.

1953இல் எங்கள் பிரசவ வார்டின் பிளானை என் மேசையில் விரித்தார். இரண்டு பக்கமும் பெரிய ஜன்னல்கள். அவற்றுக்கு மேலே, மூடவே முடியாத காற்றுத் துவாரங்கள். காற்றுதான் மருந்து என்றார். நெருப்பு எங்கே என்று கேட்டேன். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் பிள்ளையோடு அடுப்படியில்தான் படுப்பாள். மலைக் குளிருக்கு வேறென்ன வழி? துரை பங்களாவில் மூன்று அறைக்குச் சிம்னி வைத்தீர்களே, எங்களுக்கு ஒன்று வைத்தால் குறைந்தா போவீர்கள் என்று கேட்டேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "வச்சா நாளைக்கே அதுல ரொட்டி சுடுவீங்க. எங்கம்மா செத்த காம்பராவ நானே திரும்பக் கட்டவா?"

தாயைச் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

வார்டு திறந்தது. எட்டுக் கட்டில், எட்டு வெள்ளை விரிப்பு, நான் ஒருத்தி. ஒரு பெண்ணும் வரவில்லை. அங்கே போனால் விறைத்துப்போவோம் என்று லயத்திலேயே பெற்றுக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்குள் ஆள் வராவிட்டால் வார்டை உர ஸ்டோராக்கிவிடுவேன் என்றார் துரை.

அப்போது லெட்சுமி மாசமாக இருந்தாள். ஏற்கெனவே லயத்தில் பெற்ற இரண்டும் தங்கவில்லை. முத்துலிங்கம் ஞாயிறுதோறும் வந்தார். அவள் பயந்து மறுத்தாள். கடைசியில் ஒருநாள் நாற்காலியைத் தள்ளிவிட்டு அவள் வாசலில் தரையில் உட்கார்ந்து கெஞ்சினார். இந்தத் தடவை பிள்ளை தங்கும், அதற்கு நான் பொறுப்பு என்றார். நானும்தான் பக்கத்தில் நின்று, வா தாயி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் பேச்சை அவளால் தட்ட முடியவில்லை.

1954 ஜனவரியில் பெண்பிள்ளை பிறந்தது. பிரசவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மலையிலிருந்து ஊதல்காற்று இறங்கியது. துவாரங்களில் சாக்கைத் திணித்தேன், போத்தல்களில் வெந்நீர் ஊற்றிப் பிள்ளையைச் சுற்றி வைத்தேன். என்ன செய்து என்ன? மூன்றாம் நாள் காலையில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது. லெட்சுமி அழவில்லை. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு புருஷன் ஆண்டியப்பனோடு லயத்துக்கு நடந்தாள். முத்துலிங்கம் ஓடி வந்தபோது வெறும் கட்டில்தான் இருந்தது. லயத்துக்குப் போய்க் கதவைத் தட்டினார். அவள் திறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் எங்கள் வார்டின் ஒரு சுவரை இடித்துக் கணப்படுப்பும் சிம்னியும் வைத்தார். கொத்தனாருக்குத் தானே செங்கல் எடுத்துக் கொடுத்தார். புகை துளியும் உள்ளே வராது. பெண்கள் வரத் தொடங்கினார்கள். கினிகத்தேனை வரைக்கும் தோட்டங்களில் அவரைக் கேட்டு வாங்கி இப்படியே வார்டு கட்டினார்கள். ஊரெல்லாம் பேர்தான். அவர் எனக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் எப்போதும் ஒரே கேள்வி: லெட்சுமி ஏதாவது பேசினாளா?

அவள் பேசவில்லை. 1958இல் தானாகவே வார்டுக்கு வந்தாள், ஆண்பிள்ளை பெற்றாள். நான் ஆள் அனுப்பினேன். நாலாம் நாள் அவர் வந்து கதவோரம் நின்றார். அவள் நெருப்போரம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குளிர்கிறதா என்று கேட்டார்.

"இல்லண்ணே, நல்லா இருக்கு. இத அப்பவே வச்சிருக்கலாமே."

கோபத்தில் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு. அவர் தலையை ஆட்டினார். பிள்ளையைத் தொடாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

பையனுக்கு லெட்சுமி தன் அண்ணன் பேரைத்தான் வைத்தாள். அதை எழுதி, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று வருஷா வருஷம் கடிதம் போட்டேன். 1965இல் அவர் நுவரெலியாவில் அந்த ஒற்றை அறையில் செத்துக் கிடந்ததாகச் செய்தி வரும்வரை ஒன்றுக்கும் பதில் இல்லை.