போர் நடந்த குன்றில் கல்யாணப் படம்

கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள என் மகள் ஒரு குன்றைத் தேர்ந்தெடுத்தாள். உலகப் போரில் சிப்பாய்கள் சண்டையிட்டுச் செத்த இடம் அது.

"கல்யாணப் பொண்ணு போற இடமாடி? பூமலைத் தோட்டத்துக்குப் போங்களேன்," என்றேன்.

"பூமலையில எல்லாரும்தான் எடுக்கறாங்க. இங்க ஸ்டோரி இருக்கு லா, அம்மா."

நான் படிப்பைப் பாதியில் விட்டவள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய எலுமிச்சம்பழத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கூடவே போனேன்.

படம் எடுக்கும்போது வெள்ளைப் பூங்கொத்தோடு ஒரு வெளிநாட்டு அம்மா வந்தார். அவருடைய பெரியப்பா அங்கேதான் இறந்தாராம். மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டு ஒதுங்கினார். அந்த அம்மாவோ சிரித்தபடி ஒரு பூவை உருவி மகளிடம் நீட்டினார்.

என் கை பைக்குள் எலுமிச்சம்பழத்தைத் தேடியது. செத்தவருக்குக் கொண்டுவந்த பூவைக் கல்யாணப் பெண் வாங்கலாமா? மகள் என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

"அவங்க பெரியப்பாவுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சான்னு கேளுங்க மாப்பிள."

அவர் கேட்டுச் சொன்னார்: "நிச்சயம் மட்டும் ஆயிருந்துச்சாம் அத்தை. அதுக்குள்ள கப்பல்ல ஏத்தி இங்க அனுப்பிட்டாங்களாம்."

அதைக் கேட்டு எனக்குப் பயம் கூடியிருக்க வேண்டும். ஏனோ, மறுக்க மனம் வரவில்லை. பூவை நானே வாங்கி, மகளின் மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்தில் செருகினேன்.

அந்தப் படம் எங்கள் பிடோக் வீட்டில் மாட்டியிருக்கிறது. பூவைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் விவரம் சொல்வதில்லை. பயம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் தூசி துடைக்கும்போதெல்லாம், அவருக்கு நிச்சயித்த பெண் பிறகு என்ன ஆனாள் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.