கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மண்

சித்தப்பா வீட்டு முன்னறைச் சுவரில், குலசாமி படத்துக்கும் கல்யாணப் போட்டோவுக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு மண் பரிசோதனை அறிக்கை தொங்கியது. கீழே என் கையெழுத்து. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்த பிறகுதான் காப்பி வரும்.

சித்தப்பா மாஞ்சோலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்பாசமுத்திரத்துக்கு வெளியே கால் ஏக்கரில் தீவனப்புல் போட்டு ஒரே ஒரு பசு வளர்த்தார். அதனிடம் காட்டிய கொஞ்சலில் பாதியைச் சித்தியிடம் காட்டியிருந்தால் அந்த வீட்டில் பல சண்டைகள் நடந்திருக்காது. நான் அப்போது மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்த புதிது. புல்வயலில் நாலைந்து இடத்தில் தோண்டி, மண்ணைக் கலந்து கொண்டுவரச் சொன்னேன். பழைய கண்டக்டர் பையில் கொண்டுவந்தார். கருகருவென்று அப்படி ஒரு மண். சாணமும் தழையும் மக்கிச் சேரும் மக்குச் சத்து மிக அதிகம், இப்போதைக்கு எரு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, குழியிலிருந்த எரு முழுவதையும் களக்காட்டிலிருக்கும் மச்சினனின் வாழைத்தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டார். அடுத்த அறுப்பிலேயே புல் மஞ்சளித்தது. யூரியா போட்டார். நாலு நாள் பச்சை, பிறகு பழையபடி மஞ்சள். பால் குறைந்தது.

"இன்னும் ரெண்டு அறுப்பு பாப்பேன். புல்லு தேறலன்னா மாட்ட வித்துருவேன்" என்றாள் சித்தி. சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை நானே வயலில் இறங்கி மண்ணை அள்ளினேன். விரலிடுக்கில் ஓடியது. சுத்த மணல். மக்கு இருந்தால்தான் மண் தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைத்து வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். இங்கே போட்ட யூரியாவெல்லாம் தண்ணீரோடு கீழே இறங்கிப் போயிருந்தது.

"சித்தப்பா, அன்னைக்கு மண்ண எங்க எடுத்திய?"

"எருக்குழி ஓரத்துலதான்."

"புல்வயல்லலா எடுக்கச் சொன்னேன்!"

"ஏட்டி, ஆபீசுக்குப் போற மண்ணுல்லா? பொண்ணு பாக்க வாரப்போ பழைய சேலையவா கட்டி நிறுத்துவாவ?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்தக் கறுப்பைப் பார்த்ததுமே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சித்தப்பா மண்ணாயிற்றே என்ற பெருமை என் கண்ணையும் மறைத்துவிட்டது.

வயலில் நான் அள்ளிய மண்ணைச் சோதித்தேன். இரண்டாவது அறிக்கையில் 'மக்குச் சத்து மிகக் குறைவு' என்றிருந்தது. "பைய சொல்லுட்டி, சித்தி காதுல விழுந்துரப் போகு" என்றார் சித்தப்பா. கொடுத்த எருவைத் திருப்பிக் கேட்க, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு களக்காடு போனார். மச்சினன் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு ஒரு டிராக்டர் எரு அனுப்பினான். இரண்டாம் அறுப்பில் புல் இடுப்புயரம் நின்றது. மாடு தப்பியது.

சுவரில் மாட்டியிருந்த முதல் அறிக்கையை மட்டும் சித்தப்பா கழற்றவேயில்லை. "அது பொய்யில்லலா. அந்த எடத்து மண்ணு அப்படித்தானே இருக்கு?" என்பார்.

சித்தப்பா போன வருஷம் காலமானார். வெள்ளையடிக்கச் சட்டத்தை இறக்கியபோது பின் அட்டை பெயர்ந்து, உள்ளேயிருந்து இரண்டாவது அறிக்கை விழுந்தது. ஓரமெல்லாம் பொடிப்பொடி எழுத்து. எந்த மாதம் எத்தனை வண்டி எரு போட்டார் என்று வருஷக் கணக்காக எழுதியிருந்தார். கடைசி வரி, "இன்னும் பத்தாது."

 அதை மடித்துப் பழையபடி உள்ளே வைத்தேன். எருக்குழி மண்ணின் அறிக்கை முன்னால் தெரியும்படி, அதே ஆணியில் மாட்டினேன்.