கடைசி சரணத்தில் என் பேஸ்

ஆவடியில் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குக் கையசைத்து நடத்த யாரும் கிடையாது. கடைசி சரணத்தில் என் பேஸ் கிட்டார் தணிந்தால் எல்லோரும் குரலைத் தணிப்பார்கள். பேசிவைத்த ஏற்பாடில்லை, வருடக்கணக்காக அப்படித்தான்.

வெறும் கிட்டார் சத்தம் சலித்துப்போய் முதலில் ஒலியை மாற்றும் ஓவர்டிரைவ் பெடல் வாங்கினேன். அதன் கரகரப்பைக் கேட்ட மைக்செட் அண்ணன், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று ஓடிவந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ரசனை கெட்ட மனுஷன் என்று முணுமுணுத்தபடி அதைப் பைக்குள் போட்டேன். அடுத்து வாங்கியது கம்ப்ரஸர். ஓங்கி அடித்தாலும் லேசாகத் தொட்டாலும் சத்தத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் பெடல். வீட்டில் ஹெட்போனில் கேட்டால் ஸ்டுடியோவில் பதிவு செய்ததுபோல் அவ்வளவு நேர்த்தி. குமிழை முழுக்கத் திருப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதே பெடலோடு, கடைசி சரணத்தில் விரல் நுனியால் பட்டும் படாமலும் வாசித்தேன். குழு அடங்கவே இல்லை. மன்றாட்டு வரிகளைச் சண்டைக்குப் போவதுபோல் பாடி முடித்தார்கள்.

வெளியே வந்ததும், முன்வரிசையில் பாடிய என் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். "நான் அவ்ளோ மெதுவா வாசிக்கிறேன், நீங்க பாட்டுக்குக் கத்திகினே கீறீங்க?"

"நீங்க கொறைச்சது உங்க வெரலுக்குத் தெரியும். எங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

நெமிலிச்சேரியில் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினேன். இறங்கும்போது, "இன்னும் கோவமா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். மனம் இளகித்தான் சொன்னேன். அவள் காதில் எப்படி விழுந்ததோ.