ரீச்சர் வீட்டுச் சுவர் நடந்தது

"…சீமெந்தை எங்கயோ விட்டிட்டு வெறும் மண்ணைத்தானே அப்பியிருக்கிறீர், ராசன்! இஞ்ச பாரும், சுவர் உதிர்ந்து கொட்டுது!"

மல்லாவியில் என் பக்கத்து வீட்டு ரீச்சர், ஜாம் போத்தலொன்றைத் தன் வீட்டு மேசையில் எங்கள் இருவர் முன்னும் வைத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில், வெள்ளரி விதையளவில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள். சுவரடியில் பொறுக்கினவையாம். வீடு கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

மேசன் ராசன் கதிரையில் உட்காரவே இல்லை. "சீமெந்து ஒண்டுக்கு மணல் நாலு, அதுதான் என்ர கலவை, ரீச்சர். கோயில்ல வந்தும் சத்தியம் பண்ணுவன்."

அவர் பதறியதில் நியாயம் இருந்தது. வெள்ளிக்கிழமை அடுத்த தெருவில் ஒரு புது வீட்டுக்கு அத்திவாரக் கல் வைக்கவேண்டும். ரீச்சரோ போத்தலைச் சந்தை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டார். "வேற மேசன் பாப்பம்" என்று அந்த வீட்டுக்காரர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

நான் போத்தலைக் கவிழ்த்தேன். ஒரு துண்டு… நடந்தது!

"ஐயோ முருகா!" — ரீச்சரின் இரண்டு காலும் கதிரைக்கு மேலே.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆனால் என் குளியலறைச் சுவரில் இந்த ஆளை ஒரு மாதம் பூதக்கண்ணாடியோடு பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இருப்பார், தேடிப் பாருங்கள். ஒரு சின்ன அந்துப்பூச்சியின் புழு இது. வாயில் வரும் பட்டு நூலால் மணலையும் தூசியையும் ஒட்டி வீடு கட்டும். அந்த வீட்டை இழுத்துக்கொண்டே திரியும். இரண்டு பக்கமும் வாசல். உள்ளேயே திரும்பி, விரும்பிய வாசலால் தலையை நீட்டும். வளர வளர வீட்டையும் பெருப்பிக்கும் — எந்தக் கந்தோரிலும் அனுமதி கேட்காமல்! கடைசியில் உள்ளேயே கூட்டுப்புழுவாகி, சாம்பல் நிற அந்துப்பூச்சியாகப் பறந்துவிடும்.

ராசன் ஒன்றை உள்ளங்கையில் வைத்து விரலால் தடவினார். "பூச்சு நல்லாத்தான் கிடக்கு. இவரையும் வேலைக்குச் சேர்க்கலாம்."

"சரி, இதுகள் என்னத்தைத் தின்னும்?" ரீச்சர் என்னைக் கேட்டார்.

"பழைய சிலந்திவலை, உதிர்ந்த மயிர், செத்த பூச்சி… ஒட்டறை கூடின வீடெண்டால் இவைக்குக் கொண்டாட்டம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். மூவரும் மெல்ல அண்ணாந்து பார்த்தோம். கூரை மூலையில்… வேண்டாம், எழுதமாட்டேன். நான் தொடர்ந்து பக்கத்து வீட்டில் இருக்கவேண்டும்.

அடுத்தவர் வேலையில் பிழை பிடிக்கும்போது நம் கண் சுவர் மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. யார் அண்ணாந்து பார்க்கிறோம்?

ரீச்சர் புது வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை ராசனே கல் வைக்கட்டும். என்ர வீட்டுச் சுவர் இரும்பு… என்ன, போத்தலோ? சீ, அது வெள்ளரி விதையடா!"

போனை வைத்தார். எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். கதவைச் சாத்தும்போது பார்த்தேன், கையில் ஒட்டறை அடிக்கிற தும்புத்தடி.