சிங்கமும் வைனும் சம்பந்தி மரியாதையும்

எங்கள் மகளும் மருமகனும் தென்னாபிரிக்காவில், ஜொகன்னஸ்பேர்க் நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கோல் எடுத்தாள்.

"அப்பா, நீங்க, அம்மா, மாமா, மாமி, நாலு பேரும் ஒண்ணா வந்துருங்க. டிக்கட் எங்க பொறுப்பு. முதல்ல காட்டுல சிங்கம் பாப்போம். பொறகு இங்க ஜொகன்னஸ்பேர்க், அப்புறம் கேப் டவுன். கடல். கடைசியா வைன் தோட்டம்."

நான் இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டம் என்றால் எனக்குத் தெரியும். வைன் என்றாலும் கொஞ்சம் தெரியும். இரண்டையும் சேர்த்து என் மகள் வாயால் கேட்டதும் அடக்க முடியாத சந்தோஷம் வந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை வெளியே காட்ட முடியாது. காரணம், என் சம்பந்தி.

சம்பந்தி யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தவர். மாற்றலாகி வந்து பண்டாரவளையிலேயே தங்கிவிட்டார். கோயில் சபைத் தலைவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் முன்னால் வைன் என்ற சொல்லை எப்படி எடுப்பது?

"திராட்சைத் தோட்டம்னு சொல்லிடுவோம்," என்றேன் என் மனைவியிடம். "பொய்யில்லையே."

அவள் தோட்டப் பாடசாலையில் காலமெல்லாம் புவியியல் படிப்பித்தவள். தென்னாபிரிக்காவை எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்து அழித்திருக்கிறாள். நேரில் பார்க்கக் கிடைத்தால் போதும் என்பது அவள் நிலை. "நீங்க என்னமோ சொல்லிக்குங்க. நான் சிங்கம் பாக்கணும்," என்றாள்.

எனக்கோ சிங்கம் என்றாலே பயம். தேயிலை மலையில் குளவி கிளம்பினால் முதலில் ஆபீசுக்குள் ஓடிக் கதவைச் சாத்துகிறவன் நான். காட்டுப்பன்றி வந்துபோன தடத்தைப் பார்த்தாலே அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனால் மனைவி ஆசைப்படுகிறாள், சம்பந்தியும் ஆசைப்படுவார், நான் குறுக்கே நிற்கக்கூடாது என்று பேசாமல் இருந்தேன்.

அடுத்த வாரம் சம்பந்தி வீட்டுக்குத் திட்டம் போடப் போனோம். சம்பந்திகள் இருவர் கூடித் திட்டம் போடுவதைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது நடக்காது. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கவே மாட்டார்.

"சிங்கம் பாக்கப் போற எடத்துல ரெண்டு நாளு தங்கலாம்னு பிள்ளைக சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். ஒரு நாள் போதும் என்று அவர் சொல்வார் என்ற நம்பிக்கையில்தான் கேட்டேன்.

"ஓமோம். நல்ல விஷயம். வேணுமெண்டா மூண்டு நாளும் நிக்கலாம்," என்றார்.

"உங்க இஷ்டம்தான். நாலு நாளுன்னாலும் எனக்குச் சரிதாங்க," என்றேன். என் வாயே என்னைக் காட்டில் தள்ளியது.

இப்படியே மரியாதை ஏற ஏறக் காட்டில் தங்கும் நாள் கூடிக்கொண்டே போனது. என் மனைவியும் சம்பந்தியின் மனைவியும் தேத்தண்ணீரோடு வந்து எட்டிப் பார்த்தபோது நாங்கள் ஒரு வாரம் சிங்கத்தோடு குடியிருக்கச் சம்மதித்திருந்தோம்.

"கடைசியா அந்த... திராட்சைத் தோட்டம்," என்றேன் மெதுவாக.

சம்பந்தி செருமினார். "திராட்சை உடம்புக்கு நல்லம். இரத்தத்துக்கு நல்லம்," என்றார், சுவரைப் பார்த்தபடி.

சம்பந்தி அம்மா என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தாள். இருவருக்கும் ஏனோ சிரிப்பு வந்தது.

விசா, டிக்கட் வேலைக்குப் பதுளை டவுனில் ஒரு முஸ்லிம் நானாவைப் பிடித்தோம். கீழே துணிக்கடை, மேலே பயண ஏஜென்சி. தங்கமான மனிதர். ஆனால் அவர் இதுவரை அனுப்பியதெல்லாம் மக்காவுக்குப் போகும் உம்ரா யாத்திரைக் குழுக்கள்தான். எங்களையும் அதே முறைப்படி அனுப்பத்தான் அவருக்குத் தெரியும். நால்வருக்கும் ஒரே பச்சை நிறத்தில் பை கொடுத்தார். கழுத்தில் தொங்கவிடப் பாஸ்போர்ட் உறை கொடுத்தார். பிறகு கேட்டார்: "குழுவுக்கு அமீர் யாரு? ஒரு தலைவர் ஈக்கணும். இல்லாட்டி எயார்போட்ல ஆளுக்கொரு பக்கம் போயிருவீங்க."

"சம்பந்திதாங்க," என்றேன்.

"சீச்சீ. பொம்பிளை வீட்டுக்காரர் இருக்கேக்க நானோ? அவர்தான்," என்றார் சம்பந்தி.

"மூத்தவரு நீங்க."

"அனுபவம் உங்களுக்குத்தான்."

எனக்கு என்ன அனுபவம் என்று யாரும் கேட்கவில்லை. நான் திருச்சிக்கு ஒரு தடவை போய் வந்திருக்கிறேன், அவ்வளவுதான். நானா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு உறையிலும் 'தலைவர்' என்று சிவப்பு எழுத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். இரண்டு தலைவர், பின்தொடர இரண்டு பெண்கள். அந்தப் பெண்கள் இருவரும் எங்களைப் பின்தொடரும் எண்ணத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

"அந்தக் கடைசித் தோட்டத்தப் பத்தி மட்டும் எனக்கிட்ட ஒண்ணும் கேக்க வேணாம்," என்றார் நானா, கையை உயர்த்தி. "அது நமக்கு விளங்காத விஷயம். ஆனா ஒண்ணு சொல்றேன். ப்ளேன்ல ரொம்ப நேரம் ஒரே எடத்துல ஈக்கணும். இப்பவே உக்காந்து பழகுங்க."

இந்தப் புத்திமதியைச் சம்பந்தி மருந்துச் சீட்டைப் போல எடுத்துக்கொண்டார். ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார். பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் காலை ரயில் கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க ஓடும். அதில் போய்க் கொழும்பில் மருமகனின் அக்கா வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பலாம். ஆனால் அது ரயில் அல்ல, விமானம். சீட்டை விட்டு எழும்பக்கூடாது. பச்சைப் பை, கழுத்து உறை, எல்லாம் அணிய வேண்டும்.

"நல்ல யோசனைங்க," என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

நாங்கள் தெமோதரையில் ஏறினோம். அவர்கள் பண்டாரவளையில் ஏறினார்கள். எதிரெதிரே நான்கு சீட். சம்பந்தி உட்கார்ந்ததும் பையிலிருந்து நான்கு நீளத் துவாய்களை எடுத்தார்.

"பெல்ட்," என்றார்.

"என்னங்க?"

"ப்ளேனில பெல்ட் கட்டோணும். பழகாட்டி மூச்சு முட்டும்." அவரே குனிந்து, துவாயை என் இடுப்போடு சேர்த்துச் சீட்டின் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினார். ஆஸ்பத்திரிக்காரர் அல்லவா, முடிச்சு காயத்துக்குப் போட்ட கட்டுப் போல இருந்தது. தனக்கும் அப்படியே கட்டிக்கொண்டார். பெண்கள் இருவரும் துவாயை மடியில் போட்டுக்கொண்டு, கட்டியாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஜன்னல் வழியே மலையைப் படம் பிடிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். டிக்கட் பரிசோதகர் வந்தார். என் கழுத்திலிருந்த 'தலைவர்' அட்டையைப் பார்த்தார். சம்பந்தியின் அட்டையைப் பார்த்தார். இடுப்புத் துவாய்களைப் பார்த்தார். டிக்கட்டைக் கேட்காமலே போய்விட்டார்.

ஹப்புத்தளை தாண்டிப் பனிமூட்டத்துக்குள் ஏறினோம். சம்பந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப சமுத்திரத்துக்கு மேல பறக்கிறம்," என்று அறிவித்தார். ஒஹியாவில், எதிரே வரும் வண்டிக்காக ரயில் நின்றது. சம்பந்தி அம்மா வடைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அந்த வாசனைக்குத்தான் வந்திருக்க வேண்டும். ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. பிறகு ஒரு தலை. கிழட்டுக் குரங்கு ஒன்று உள்ளே இறங்கி, நேராகச் சம்பந்தியின் மடியில் உட்கார்ந்தது.

"ஐயோ!" என்று சம்பந்தி போட்ட சத்தம் இரண்டு பெட்டிக்குக் கேட்டிருக்கும். எழும்பப் பார்த்தார். துவாய் விடவில்லை. குரங்கு அவருடைய கழுத்து உறையைப் பிடித்து இழுத்தது. அவர் முன்னால் சாய, குரங்கு அவர் காதைப் பிடித்து நிமிர்த்தியது.

"கழட்டுங்கோ! ஆராவது முடிச்சைக் கழட்டுங்கோ!"

நான் உதவப் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நான் எதிர்ப்பக்கம் ஓடப் பார்த்தேன். என் துவாயும் விடவில்லை. இரண்டு காலையும் சீட்டில் தூக்கி வைத்துக்கொண்டு, "முருகா! முருகா!" என்று கத்தினேன். என் சத்தத்தைக் கேட்டுக் குரங்கு திரும்பி என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது என் மனைவி ஒரு வடையை நீட்டிக்கொண்டிருந்தாள், வகுப்பில் பிள்ளைக்குச் சோக்கட்டி கொடுப்பது போல. "இந்தா, வாங்கிட்டு போ," என்றாள். குரங்கு வாங்கியது. சம்பந்தி அம்மா இன்னொன்றைக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு, சம்பந்தியின் தலையில் ஒரு கால் ஊன்றி, வந்த வழியே போய்விட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டு பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

ரயில் புறப்பட்டது. சம்பந்தி திருநீறு கலைந்து, ஒரு காது சிவந்து உட்கார்ந்திருந்தார். நானு ஓயா நெருங்கியபோது மெல்லக் கேட்டார்: "சம்மந்தி, குறை நினைக்காட்டி ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லுங்க."

"எனக்கு மிருகமெண்டாப் பயம். நாய்க்கும் பயம். நீங்கள் ஆசைப்படுறியள் எண்டுதான் ஒரு கிழமை நிப்பம் எண்டனான்."

"ஐயோ சம்பந்தி, நானும் நீங்க ஆசைப்படுறீங்கன்னுதானே தலையாட்டினேன்! நான் குளவிக்கே ஓடுறவன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல மெல்லத் துளிர்த்தது. அந்தத் துணிச்சலில் நான் ஒரு படி மேலே போனேன்.

"அந்தத் திராட்சைத் தோட்டம் இருக்கே... அது உண்மையில திராட்சை திங்கிற எடம் இல்லீங்க."

"தெரியும்," என்றார் அவர். குரலைத் தாழ்த்தினார். "மகன் சொன்னவன். நான்தான் உங்களிட்ட மறைச்சனான். நீங்கள் கலியாணத்தில ஒரு சொட்டும் தொடேல்லை. சுத்த சைவக்காரர் எண்டு பயந்துபோனன்."

"அது அந்த மாசம் கதிர்காமத்துக்கு விரதம்ங்க! விரதம் முடிஞ்சிருச்சு! நீங்கதானே கோயில் தலைவரு?"

"கோயில் பண்டாரவளையிலதானே இருக்கு," என்றார் சம்பந்தி நிதானமாக. "ஆபிரிக்காவிலயே?"

அப்போதுதான் சம்பந்தி அம்மா வாயைத் திறந்தார். "நாங்கள் ரெண்டு பேரும் என்ன வைன் குடிக்கிறது எண்டு போன மாசமே பேசி முடிச்சிட்டம். எங்கட பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அன்ரி நத்தாருக்குப் போடுற வைன் மாதிரி இனிப்பா ஏதும் இருந்தால் எனக்குச் சரி."

"எனக்கும் இனிப்புத்தான்," என்றாள் என் மனைவி.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ எப்ப குடிச்ச?"

"குடிச்சதில்ல. அதான் குடிக்கப் போறேன்."

ஹட்டன் வரும் முன்னே புதிய திட்டம் தயாராகிவிட்டது. மரியாதை இல்லாமல் பேசினால் எல்லாம் எவ்வளவு சுருக்காக முடிகிறது! பெண்கள் சிங்கம் பார்ப்பார்கள். ஆண்கள் அறையில் இருப்பார்கள். காட்டில் இரண்டு நாள், அதற்கு மேல் ஒரு மணித்தியாலமும் இல்லை. மிச்ச நாளெல்லாம் கடலுக்கும் வைனுக்கும். மகளுக்கு அங்கிருந்தே கோல் எடுத்துச் சொன்னேன்.

"அப்பா," என்றாள் அவள், "இவ்வளவு தூரம் நீங்களும் மாமாவும் குடிக்கவா வர்றீங்க?"

"கடலும் பாப்போம்," என்றேன்.

போனோம். விமானத்தில் பெல்ட் கட்ட எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காட்டில் பெண்கள் இருவரும் விடியக்காலையில் ஜீப் ஏறிப் போய், சிங்கம் படுத்திருந்ததையும் எழும்பி நடந்ததையும் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கத்திக்கொண்டு வந்தார்கள். நாங்கள் அறையில் சீட்டு விளையாடினோம். கேப் டவுனில் மலையும் கடலும் ஒரே இடத்தில் நின்றன. என் மனைவி கடற்கரையில் நின்று, காற்றில் விரலால் அந்த மண்ணின் நுனியை வரைந்து பார்த்தாள்.

கடைசியில் வைன் தோட்டம். வரிசை வரிசையாகக் கொடிகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. சம்பந்தி அன்றைக்கென்று புதுச் சட்டை போட்டிருந்தார். ஒரு பெண் பிள்ளை ஆளுக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைத்து, அடியில் மட்டும் கொஞ்சம் ஊற்றினாள். சம்பந்தி கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இருமல் மருந்தும் இதைவிடக் கூட ஊத்துவன்," என்றார்.

அந்தப் பிள்ளை ஒரு சிறிய வாளியைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். மருமகன் மொழிபெயர்த்தான். வாயில் வைத்துச் சுவை பார்த்துவிட்டு, அதில் துப்பலாமாம்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் சம்பந்தியைப் பார்த்தேன்.

"துப்பவோ?" என்றார். "பண்டாரவளையில இருந்து இவ்வளவு தூரம் வந்து?"

"வேணாங்க," என்றேன்.

"நீங்கள் சொன்னால் சரிதான்," என்று விழுங்கினார். நானும் விழுங்கினேன். புளிப்பாக இருந்தது. இருவரும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினோம். பெண்கள் தங்கள் இனிப்பு வைனை முடித்துவிட்டு, இன்னொன்று கிடைக்குமா என்று அந்தப் பிள்ளையிடம் சைகையால் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.