குட்டியை விட்டுப் பழக்கியது

அந்த வருஷம் எங்கள் தெருவில் ஆட்களைவிட நாய்கள் அதிகமாகிவிட்டன. நாய்கள் ஒன்றும் புதிதாக வந்து சேரவில்லை, ஆட்கள்தான் போய்க்கொண்டே இருந்தார்கள். ரங்கூனில், அலோன் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த தெரு அது. கிடங்குக் கணக்கர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், சில்லறைக் கடைக்காரர்கள் என்று பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். அறுபதுகளின் நடுவில் பர்மா சர்க்கார் கடைகளை எடுத்துக்கொண்டு வேலையும் கடையும் கைவிட்டுப் போன பிறகு, இந்தியாவுக்குப் போகிற ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வீடு, இரண்டு வீடு என்று காலியாகிக்கொண்டிருந்தது. போகிறவர்கள் கட்டிலை விற்பார்கள், பாத்திரத்தை விற்பார்கள். நாயை என்ன செய்வது? தலையைத் தடவிவிட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அது பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

கொஞ்ச நாள் ஊளையிடும். பிறகு ஊளை நின்றுவிடும். ஊளையைவிட அது நின்றுபோவதுதான் எனக்குப் பயம். சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பும்போது, விளக்கில்லாத வீட்டு வாசல்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கும். ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்க்காது. கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக வீடு வந்து சேருவேன். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும்.

வீட்டில் நான், அப்பா, அப்பாவின் அக்காவான அத்தை, மூன்றே பேர். அம்மா பர்மாக்காரி, நான் பிறந்த கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுடைய தங்கை ரங்கூனை ஒட்டிய இன்சீனில் இருந்தாள். சித்தியைப் பர்மிய மொழியில் டோலே என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். எங்களுக்கும் கப்பல் வரப் போகிறது என்று வீட்டில் பேச்சு அடிபட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கப்பலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மீன் தெரியும் என்பது ஒன்றுதான் என் கவலை.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் அப்பா ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அத்தை தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஏன்டா, மூட்டை கட்டற நேரத்துல இது வேறயா? புத்தி கித்தி கெட்டுப்போச்சா ஒனக்கு?"

"நமக்கில்லக்கா. டோலே வீட்டுக்கு. நல்லாப் பழக்கி அங்க விட்டுட்டுப் போகணும். இந்தத் தெரு நாய்ங்க கதி இதுக்கு வரக் கூடாது."

அத்தை அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். பேசாமல் உள்ளே போவது என்பது அத்தையின் பிறவியிலேயே கிடையாது என்பதால் நான் பின்னாலேயே போய் அடுப்படியை எட்டிப் பார்த்தேன்.

அதைவிட அதிசயம் அப்பா. அவருக்குப் பொறுமை என்ற சாமானே இல்லை. பொத்தான் துளையில் நுழையாவிட்டால் பிய்த்து வீசிவிடுகிற ஆள். அவர் அந்தக் குட்டியிடம் காட்டிய பொறுமை இருக்கிறதே, அப்பப்பா! பாயில் மூத்திரம் போனால் தானே குனிந்து துடைப்பார். செருப்பைக் கடித்துக் குதறினால், "சரி, விடு" என்று வேறு கட்டையைக் கொடுப்பார். அவர் வேலை பார்த்த கிடங்கில் முன்பு ஒரு வெள்ளைக்கார துரை நாய் வளர்த்தாராம், அவர் பழக்கிய விதத்தை அப்பா கூட நின்று பார்த்திருக்கிறார். அடிக்கக் கூடாது. கத்தக் கூடாது. சொன்னதைச் செய்தால் அந்த நொடியே வாயில் ஒரு துணுக்கு இறால் கருவாடு, தலையில் ஒரு தடவல். செய்யாவிட்டால் கோபமில்லை, திரும்பவும் முதலிலிருந்து. வளர்க்கப் போகிறவள் டோலே என்பதால் வார்த்தையெல்லாம் பர்மிய வார்த்தை. 'தாய்ங்' என்றால் உட்கார். 'நே' என்றால் இரு. பெயரும் டோலே வைத்ததுதான், ஷ்வே, தங்கம் என்று அர்த்தம்.

உட்காருவதைக் குட்டி சீக்கிரம் கற்றுக்கொண்டது. 'நே' தான் பெரும்பாடு. உட்காரவைத்துவிட்டு நாங்கள் கொஞ்சம் தள்ளிப் போவோம், அது அழுவதற்குள் திரும்பி வந்து இறால் கொடுப்போம். அடுத்து கதவுக்குப் பின்னால் மறைவோம். அங்கேதான் அது குரலெடுத்து அழ ஆரம்பிக்கும். எனக்கு மனசு தாங்காது, ஓடப் பார்ப்பேன். அப்பா தோளைப் பிடித்து நிறுத்துவார்.

"அழும்போது போனா, அழுதா வருவாங்கன்னு நெனச்சுக்கும், பாப்பா. அப்புறம் நாள் பூரா அழும். அடங்கட்டும். அடங்கின பொறவுதான் போகணும். திரும்பிப் போன பொறவுதான் இறால். முன்னாடியே குடுத்துடக் கூடாது, என்ன?"

நான் இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன். அப்பா எப்போதாவது அவசரப்பட்டால் நானே, "இன்னும் அடங்கலப்பா" என்று அதட்டுவேன். நான்தான் பழக்குகிறேன் என்று தெருவெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். கேட்பதற்குத்தான் தெருவில் ஆள் இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் எதிர்வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டோம். அந்த வீட்டுக்காரர்கள் கப்பலேறிப் பல மாதம் ஆகியிருந்தது. சாவி அப்பாவிடம் இருந்தது. ஷ்வேயை எங்கள் வாசலில் உட்காரவைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்து நுழைந்தோம். உள்ளே பூஞ்சை நாற்றம். படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் சுவரில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. தொட்டில் கயிறு உத்தரத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை, ஆனாலும் அது லேசாக ஆடுவதுபோல் இருந்தது. நான் அப்பாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் இடுக்கு வழியாக எங்கள் வாசல் தெரிந்தது. குட்டி அழத் தொடங்கியிருந்தது.

அப்போது முன்கதவில் பிராண்டுகிற சத்தம் கேட்டது.

அந்த வீட்டுக் கறுப்பு நாய், வாசலிலேயே கிடக்கும் கிழம். உள்ளே காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டது. வால் கதவில் பட் பட் என்று அடித்தது. பிராண்டிக்கொண்டே ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், நாய் அப்படி ஒரு சத்தம் போட்டு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. அழுகையும் இல்லை, குரைப்பும் இல்லை. வந்துவிட்டார்கள் என்கிற சத்தம்.

அப்பா அசையாமல் நின்றார். சத்தம் நிற்கிற வழியாக இல்லை. கடைசியில் போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார். நாய் உள்ளே பாய்ந்தது. அப்பாவின் காலை மோந்தது, என் காலை மோந்தது. எங்களைத் தாண்டிக்கொண்டு இருட்டுக்குள் போனது. ஒவ்வொரு அறையாக அது நடப்பது நகச் சத்தத்திலேயே தெரிந்தது. அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. எங்களைப் பார்க்காமலேயே வெளியே போய், பழையபடி கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

அப்பா தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குச் சீக்கிரம் வெளியே போனால் போதும் என்றிருந்தது.

"ஷ்வே அடங்கிருச்சுப்பா, போலாம். போய் இறால் குடுக்கணும்" என்றேன்.

அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். தொடையில் கிள்ளாமல் அத்தைக்குப் பொழுது விடியாது. அவள் வலிக்காமல் சிக்கெடுத்துத் தலை பின்னிவிட்டால் எப்படி இருக்கும்? வேண்டுமென்றே தட்டைப் போட்டு உடைத்துப் பார்த்தேன். "போவட்டும், கால்ல குத்திக்காத" என்றாள். போதாக்குறைக்கு என்னிடம் தமிழில் பேசுவதையே விட்டுவிட்டாள். இருபது வருஷமாக அந்த ஊரில் இருந்தும் நாலு பர்மிய வார்த்தை தெரியாதவள், "தமீ, தமின் சா" என்று தட்டுத்தடுமாறிக் கூப்பிடுவாள். மகளே, சோறு சாப்பிடு என்று அர்த்தம். நான் தமிழில் பதில் சொன்னால் அப்பா சுவரைப் பார்ப்பார். எதிர்வீட்டுத் தொட்டில் கயிற்றைவிட இதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. என் அத்தைக்குள்ளே வேறு யாரோ புகுந்துகொண்டாள் என்று சத்தியமாக நம்பினேன்.

இன்சீனுக்குப் போவது மட்டும்தான் நிம்மதி. அப்பா குட்டியைக் கூடையில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு சுற்று ரயிலில் போவார். ஷ்வே புது இடத்தில் பழகும்வரை துணைக்கு நான் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் ஒரு மத்தியானம். பிறகு ஒரு ராத்திரி. பிறகு இரண்டு மூன்று நாள். ஒவ்வொரு தடவையும் அப்பா திரும்பி வரும்போது பனைவெல்லக் கட்டி கொண்டுவருவார். குட்டிக்கு இறால், எனக்கு வெல்லம், தன் கையாலேயே வாயில் போட்டுத் தலையைத் தடவுவார்.

"நான் அழவே இல்லப்பா" என்பேன்.

"நல்ல புள்ள" என்பார்.

டோலேக்குக் குழந்தை இல்லை. அவள் புருஷன் ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர், சிரித்த முகம். ஒரு நாள் அந்தியில் நானும் ஷ்வேயும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வேலை முடிந்து வந்தவர், எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, எங்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குள் போனார். அவருக்கு என்ன ஆனது என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசித் தடவை அப்பாவோடு அத்தையும் வந்தாள். ரயிலேறினால் அவளுக்கு வாந்தி, எங்கேயும் வரமாட்டாள். அன்றைக்கு வந்தாள். இத்தனை நாள் கழித்துத் தமிழில் பேசினாள். "ஒழுங்கா சாப்புடணும்டி கண்ணு. டோலே சொன்னபடி கேக்கணும்." அவ்வளவுதான், தன் குரலைத் தானே கேட்டுப் பயந்தவள் மாதிரி வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள்.

அப்பா ஷ்வேயைப் படியில் உட்காரவைத்து, "நே" என்றார். உட்கார்ந்தது. இறாலை அதன் வாயில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி வெல்லத்தை என் வாயில் வைத்தார்.

நான் அதை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். "அய்யோ, தப்புப்பா! வந்த பொறவுதானே குடுக்கணும்? முன்னாடியே குடுத்தா எப்படிப் பழகும்?"

அப்பா என் தலையில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "ஆமா பாப்பா" என்றார். "அப்பா மறந்துட்டேன்."

ரயிலடிப் பக்கம் இரண்டு பேரும் நடந்து போனார்கள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். ஷ்வே ஒரே ஒரு முனகல் முனகிவிட்டு, முகத்தைக் காலில் வைத்துத் தூங்கிவிட்டது. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தது.

எனக்குக் கப்பலில் இடமே கிடையாது என்பதை டோலே சொன்னது வெகுநாள் கழித்து. பர்மாக்காரிக்குப் பிறந்த நான் அந்த நாட்டுப் பிள்ளை, வெளியே கூட்டிப்போக அனுமதி இல்லை. அப்பா இந்தியாக்காரர், அவருக்கு அங்கே பிழைக்க வழி இல்லை. யார் யார் படியிலோ ஏறி இறங்கினாராம், காலில்கூட விழுந்து பார்த்தாராம். ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்த மறுநாள்தான் குட்டியை வாங்கினாராம்.

அன்று எனக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. நாள் போய்க்கொண்டே இருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து, இந்தக் குழந்தை அழவே மாட்டேன் என்கிறதே என்று அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். டோலேக்கு அதைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அழு தமீ, வாய்விட்டு அழுதுடு" என்று கெஞ்சினாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். இவளுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று அவள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் சத்தம் போட்டால் அவர் எப்படி வருவார்? அந்த மழைக்காலம் முழுவதும் நான் ஒரு சொட்டு அழவில்லை.