ஷேவிங் டப்பாவில் ஒரு மோதிரம்

போன செவ்வாய்க்கிழமை என் கணவரின் ஷேவிங் டப்பாவுக்குள் அவருடைய கல்யாண மோதிரம் கிடந்தது. நான் பிளேடு தேடப் போனவள்.

நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? "ஏங்க, மோதிரத்தை மறந்துட்டுப் போயிட்டீகளா?" என்று சாயங்காலம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டப்பாவை மூடி, இருந்த சாய்வு மாறாமல் இருந்த இடத்திலேயே வைத்தேன். ஏனென்றால் அப்போது நான் நூற்றி எண்பதாம் பக்கத்தில் இருந்தேன்.

நாவலைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுச் செல்வி கொடுத்தது. கல்யாணமாகிப் பதினொரு வருஷமான ஒருத்தி, கணவன் எதையோ மறைக்கிறான் என்று மோப்பம் பிடிக்கிறாள். சட்டையை முகர்கிறாள், அலமாரியைத் துழாவுகிறாள்... பக்கத்துக்குப் பக்கம் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கொடுக்கும்போதே செல்வி எச்சரித்தாள்.

"மதினி, இதை வாசிச்சுட்டு அண்ணனை ஒரு மாதிரியாப் பாக்காதீக. நான் வாசிச்ச வாரம் எங்க வீட்டுக்காரர் காபியே குடிக்கலை. என்னத்தையும் கலந்துருவேன்னு பயம்!"

சிரித்தேன். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவர் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங் ஃபோர்மேன். விருதுநகரிலிருந்து காலையில் பைக், சாயங்காலம் பைக். பகல் முழுக்க போன் எடுக்க மாட்டார் — கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வேறு ஊர் மனைவி என்றால் இதற்கே பாதி நாவல் எழுதியிருப்பாள். எனக்குப் பழகிவிட்டது.

ஆனால் ஒரு புத்தகம் கண்ணை மாற்றிவிடுகிறது, இல்லையா? வீடு அதே வீடுதான். கொடியில் காயும் சட்டையும் ஆணியில் தொங்கும் பெல்ட்டும் மட்டும் மெல்லத் திரும்பி நம்மைப் பார்க்க ஆரம்பிக்கின்றன.

ஏழரைக்குக் கிளம்புகிறவர் ஒரு மாதமாக ஐந்தரைக்கே கிளம்புகிறார். கேட்டால், "சீசன்ல" என்கிறார். நான் ஆசையாக எடுத்துக் கொடுத்த பாலியஸ்டர் சட்டைகள் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கின்றன. பழைய பருத்திச் சட்டை இரண்டையே மாற்றி மாற்றிப் போடுகிறார். பெல்ட் கட்டுவதில்லை. போதாததற்கு, கம்பெனியிலேயே குளித்துவிட்டு வருகிறார். ஆமாம், நானும் சட்டையை முகர்ந்தேன். சோப்பு வாசனை! யாருக்காக?

எல்லாவற்றையும்விட அந்த வாசல் கேட். சாயங்காலம் வந்ததும் இரும்பு கேட்டில் உள்ளங்கையை வைத்து இரண்டு விநாடி நிற்கிறார். அப்புறம்தான் உள்ளே கால் வைக்கிறார். நாவலில் வரும் கணவனும் வாசலில் நிற்பான் — முகத்தை மாற்றிக்கொள்ள.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மனசுக்குள் ஒரு பெண்ணைச் செய்தேன். மூக்குத்தி, சிரிப்பு, சேலையின் நிறம் வரைக்கும் செய்தேன். அரிசி களையும்போது அவள் எனக்குப் பின்னால் நின்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் செல்வி புத்தகத்தைக் கேட்டு வந்தாள். "இன்னும் முடிக்கலையா மதினி? கொலை விழுந்துருச்சா, இல்லையா?" வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பைக் வந்தது. இறங்கினார். கேட்டில் கை வைத்தார். நின்றார். "என்ன செல்வி, நல்லாருக்கியா?" என்றபடி உள்ளே போனார்.

செல்வி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி... அண்ணன் எப்பருந்து பட்டாசு மருந்து கலக்குற வேலைக்கு மாறுனாக?"

"யாரு சொன்னா?"

"கலவை ரூமுக்குள்ள போறதுக்கு முந்தி வாசல்ல செம்புத் தகட்டைத் தொடணும். உடம்புல இருக்க கரண்டு இறங்கிரும். எங்கப்பாவுக்கு அது பழகிப் பழகி, வீட்டுக்கு வந்தாலும் கை தானா தாழ்ப்பாளைத் தொடும்."

செல்வியின் அப்பா கலவை ரூமில்தான் இறந்தார். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

நான் இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். பாலியஸ்டர் உரசினால் பொறி. மோதிரமும் பெல்ட்டும் இடித்தால் பொறி. வெயில் ஏறும் முன்னால் கலவையை முடிக்க வேண்டும்; ஏறிவிட்டால் அன்றைக்கு யாரும் மருந்தைத் தொடக் கூடாது. முடித்ததும் உடம்பில் ஒட்டிய மருந்து போகக் குளிக்க வேண்டும். இங்கே தெருவில் விளையாடும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாதா? ஆனால் நான் மூக்குத்தி போட்ட ஒருத்தியை அல்லவா தேடிக்கொண்டிருந்தேன்...

அவள் இருந்திருந்தால்கூடத் தேவலை என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதக் கூசுகிறது. நினைத்தேன்.

உள்ளே அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நாளா கலவைக்குப் போறீக?"

செம்பு கையிலேயே நின்றது. "ஆவணி பொறந்ததுல இருந்து."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா விட்டுருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

பழைய ஆள் கை நடுக்கம் வந்து வேலையிலிருந்து நின்றுவிட்டாராம். புதிதாக வந்தவர் ஆர்டர் அவசரத்தில் மருந்தை அள்ளிக் கொட்டினாராம். "பக்கத்து ரூம்ல பொம்பளையாளுக அம்புட்டுப் பேரு உக்காந்திருக்காக. அவசரக்காரன் கையில அவுகளைக் குடுத்துட்டு நான் அட்டைப்பெட்டி எண்ணிக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"அப்ப என்னைய யாரு கையில குடுத்தீக?"

செம்பைக் கீழே வைத்தார். பிறகு நானே உடைந்து சொல்லிவிட்டேன். "நான் வேற ஒருத்தி இருக்கான்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

"இந்த மூஞ்சிக்கா?" என்று கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார் மனுஷன். அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தால் முகம் எவ்வளவு கோரமாக இருக்கும் என்று அதே கண்ணாடியில் பார்த்தேன்.

துரோகம் செய்கிறவர்கள்தான் மறைப்பார்கள் என்று இந்த நாவல்கள் சொல்லிக்கொடுக்கின்றன. 'பாவம், பயப்படுவாளே' என்றும் ஒருவர் மறைப்பார். அவர் மருந்தின் முன்னால் மூச்சைப் பிடித்து நின்ற அத்தனை காலைகளிலும் நான் நிம்மதியாகக் காபி ஆற்றியிருக்கிறேன். அந்தக் காலைகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தீபாவளி வரைக்கும்தான், அதற்குள் நிதானமான இன்னொருவருக்குக் கை பழகிவிடும் என்கிறார். தடுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "மோதிரத்தை டப்பாவுல போடாதீக. எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க."

இப்போது தினமும் ஐந்தரைக்குக் கழற்றி என் உள்ளங்கையில் வைக்கிறார். சாயங்காலம் கேட்டைத் தொட்டுவிட்டு விரலை நீட்டுகிறார். நடுவில் இருக்கிற நேரம் என்னுடையது. நாவலைக் கடைசி நாற்பது பக்கம் படிக்காமலே செல்வியிடம் கொடுத்துவிட்டேன்.

இதை எழுதும்போது காலை ஏழே கால். மோதிரம் என் கட்டைவிரலில் இருக்கிறது. விருதுநகரில் வெயிலைத் திட்டாத ஆள் உண்டா? இதோ, ஜன்னலோரம் ஒருத்தி நின்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள் — ஏறேன்... சீக்கிரம் ஏறேன்.